மாடி வீட்டில் நடந்த ஆபீஸ்

சாரல் ஆரம்பித்துவிட்டது. இந்தக் காற்று அடித்தாலே எனக்கு 2020 ஞாபகம் வரும். அந்த சீசனில் குற்றாலத்தில் குளிக்கத் தடை. அருவிக்கரையில் ஆள் இல்லை. ஆனால் ஊருக்குள் வீட்டுக்கு வீடு பிள்ளைகள். எல்லோரும் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள்.

வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுவது கொரோனா கொண்டுவந்த பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ரொம்பப் பழசு. 1962-ல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி வெறும் 6 பவுண்டு முதலில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலேயே வேலை கொடுத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது இவர்கள்தான்.

நம் நாட்டில் சட்டமே குறுக்கே நின்றது. நான் டெலிபோன் டிபார்ட்மெண்டில் இருந்ததால் இதைக் கவனித்து வந்தேன். கால் சென்டர், பி.பி.ஓ. போன்ற நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்கு டெபாசிட், ஒப்பந்தம் என்று பல நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச் 13-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை அவற்றைத் தளர்த்தியது. பன்னிரண்டு நாளில் ஊரடங்கு வந்துவிட்டது. அதே வருஷம் நவம்பரில், பதிவு செய்யவேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள்.

இனி எங்கள் மாடி வீட்டுக் கதை. அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு பேருக்கும் மென்பொருள் வேலை. அண்ணனுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம். "இப்பத்தான் தாத்தா நிம்மதியா கோட் எழுத முடியுது" என்பான். முடியாத அம்மாவுக்கு நேரத்துக்கு மாத்திரையும் கொடுத்துக்கொள்வான்.

தம்பி அப்போதுதான் வேலையில் சேர்ந்தவன். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான். என்னப்பா என்றேன். "காலையிலயிருந்து ஒரே தப்புல மாட்டிக்கிட்டு இருக்கேன் தாத்தா. ஆபீஸ்னா பக்கத்து சீட்ல எட்டிக் கேட்டிருப்பேன். இப்ப சீனியருக்கு மெசேஜ் போட்டா, இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாரோன்னு பயமா இருக்கு" என்றான்.

எனக்கு என் ஆரம்ப நாள் ஞாபகம் வந்தது. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் செலக்டர்கள் 'கடகட'வென்று ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மூத்த மெக்கானிக் சத்தத்தை வைத்தே எந்த ரேக்கில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதை எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றேன், வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா?

ஆராய்ச்சிகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல் தொடர்புகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனபின் குழுக்கள் தனித்தனித் தீவுகளாகிவிட்டன என்றது அது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு சோதனை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் தரம் குறையவில்லை. ஆக, வீடு என்பது பிரச்சினை இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமலே இருப்பதுதான் பிரச்சினை.

இதற்கு ஒரு வழி எங்கள் ஊர்ப்பக்கமே இருந்தது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-லேயே அலுவலகம் திறந்தது. 2019-ல் அவரே அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து தங்கினார். கொரோனாவுக்குப் பிறகு அந்த நிறுவனம் இன்னும் பல சிற்றூர்களில் சிறு அலுவலகங்கள் திறந்தது. பிள்ளை சொந்த ஊரில் இருக்கலாம், ஆனால் வேலையைப் பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்க்கலாம். கிராமத்து அலுவலகம் எல்லா நிறுவனத்துக்கும் சரிப்படும் என்று நான் சொல்லவரவில்லை. எல்லோரும் வீட்டில், இல்லையென்றால் எல்லோரும் பெங்களூரில் என்ற இரண்டே வழிதான் என்று இல்லை, அவ்வளவுதான்.

பிற்பாடு சகோதரர்கள் இருவரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். தம்பி சந்தோஷமாகப் பெட்டி கட்டினான். அண்ணன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரே உத்தரவு, ஒருவனுக்கு வழி திறந்தது, இன்னொருவனுக்கு அடைத்தது. விதி எழுதுகிறவர்கள் அந்த மாடி வீட்டை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.