சாஸ்வத நிதி

செல்வம் நிலையற்றது என்னும் உபதேசத்தைக் கபாலீசுவரர் கோயில் உபந்நியாசங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த மயிலாப்பூர்வாசிகள், 1872-ஆம் ஆண்டில் தங்களுக்குள் ஒரு சேமிப்பு ஸ்தாபனத்தை ஏற்படுத்திக்கொண்டபோது, அதற்கு 'ஹிந்து பர்மனென்ட் பண்டு', அதாவது சாஸ்வத நிதி, என்றே பெயரிட்டார்கள். இந்த முரணைக் கண்டு அன்று யாரேனும் சிரித்தார்களோ என்னவோ.

அங்கத்தினர் போட்ட பணத்தை அங்கத்தினருக்கே கடனாகக் கொடுப்பதுதான் இத்தகைய நிதிகளின் காரியம். கழற்றிக் கொடுத்த வளையலை உரைகல்லில் தேய்த்து, தராசில் நிறுத்து, சீட்டெழுதி, துணிப்பையில் முடிந்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பெண்ணின் கல்யாணத்துக்காக உள்ளே போன வளையல், குத்தகைப் பணம் வந்ததும் கைக்குத் திரும்பும். லேவாதேவிக்காரரின் திண்ணையில் தலைகுனிந்து நிற்கவேண்டாம் என்பதே அக்காலத்துக் குடும்பஸ்தனுக்குப் பாதி சந்தோஷம். மீதிப் பாதி, கவலையற்ற உறக்கம். 

அந்த உறக்கத்தை நாடியே பலர் வெள்ளைக்காரர் கம்பெனியின் கௌரவத்தை நம்பி அர்பத்நாட் கம்பெனியில் தங்கள் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தனர். சீமையில் செய்த துணிகரமான வியாபாரங்களில் பணத்தை இழந்த அக்கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கதவைச் சாத்தியபோது, பெரிய முதலீட்டுக்காரரோடு உபகாரச் சம்பளக்காரரும் விதவைகளும் கைம்முதலை இழந்து நின்றார்கள். லண்டன் பங்காளி மக்ஃபாட்யன் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தண்டனையால் யாருடைய பணமும் திரும்பிவிடவில்லை.

பணம் போட்டவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், கோபத்தோடு நின்றுவிடாமல், நகரத்தார் சிலரின் துணையுடன் சுதேசி பாங்கி ஒன்றுக்கு முயன்றார். 1907 மார்ச்சில் பதிவாகி ஆகஸ்டு 15-இல் திறக்கப்பட்ட அதுவே இந்தியன் பாங்கி. அவருடைய கொடைகளைப் பலர் புகழ்வார்கள். எனக்கோ, ஊராரின் உறக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்ற இந்தக் காரியமே பெரிதாகத் தோன்றுகிறது.

அர்பத்நாட்டின் பெயர் இன்று பழைய ஏடுகளில்தான் அகப்படும். 1872-இல் பிறந்த மயிலாப்பூர் நிதியிலோ அதன் பின்னும் நெடுங்காலம் நகைக்கடன் கொடுத்துவந்தார்கள்.