மூணும் நாலும் அஞ்சு

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஜூன், ஜூலை வாக்கில் இந்தக் கேள்வி வராமல் போகாது. "கிழக்கே 3 கிலோமீட்டர், வடக்கே 4 கிலோமீட்டர் போனா மொத்தம் 5னு புத்தகத்துல இருக்கேப்பா. 3ம் 4ம் 7 இல்லையா?" கால் நடந்தது 7, வீட்டிலிருந்து இருக்கும் தூரம் 5 என்று சொல்லிவிடலாம். நம்ம நியூ டவுன் சாலைகள் பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாகப் போடப்பட்டவை என்பதால் படம் வரைந்து காட்டவும் சுலபம். 1 செ.மீ. = 1 கி.மீ. என்று வைத்து ஓர் அம்பு. அதன் நுனியில் அடுத்த அம்பின் வாலை வை. முதல் வாலிலிருந்து கடைசி நுனிக்குக் கோடு போடு. அதுதான் தொகுபயன்.

பிள்ளைகள் விடுவார்களா? "அம்பைத் தூக்கி இன்னொரு அம்பு நுனியில வைக்கலாம்னு யாரு சொன்னது?" அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

செய்துகாட்டியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஹூக்ளியில் படகு ஓட்டுபவரைப் பாருங்கள். எதிர்க்கரைப் படித்துறைக்கு நேராக மூக்கை வைத்துப் போக மாட்டார். ஆறு தெற்கே இழுத்தால் மூக்கை வடக்கே சாய்ப்பார். கடலிலிருந்து நீர் ஏறுகிற நேரமானால் தெற்கே சாய்ப்பார். படகின் வேகம் ஓர் அம்பு, நீரின் வேகம் இன்னோர் அம்பு. கூட்டுத்தொகை படித்துறையில் போய் முட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எழுதி வைத்தவர்கள் என்று பார்த்தால், 1586ல் சைமன் ஸ்டெவின். உருண்டைகள் கோத்த மாலையைச் சாய்தளத்தில் போட்டதாகக் கற்பனை செய்து, விசைகள் சமநிலையில் நிற்கும் கணக்கைப் பிடித்தார். 1687ல் நியூட்டன் தன் விதிகளை அடுத்து முதல் கிளைமுடிவாக இணைகர விதியைச் சொன்னார். ஆனால் இதெல்லாம் விசைக்கும் வேகத்துக்கும். வெறும் கோட்டையே, நீளமும் திசையும் உள்ள ஒரு பொருளாக எடுத்து, "இதை இப்படிக் கூட்டு" என்று விதி எழுதியவர் பேராசிரியர் இல்லை. நிலம் அளக்கிற ஒரு சர்வேயர்!

காஸ்பர் வெஸல், 1745ல் நார்வேயில் பிறந்தவர். அப்போது நார்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. கோபன்ஹேகன் போய், அங்கேயே வாழ்ந்து, 1818ல் அங்கேயே இறந்தார். (நம்ம ஜாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) ) வேலை, டென்மார்க் முழுவதற்கும் வரைபடம் தயாரிக்க அளப்பது. சர்வேயருக்கு நாள் முழுக்க இதுதானே பிழைப்பு. இந்தக் கல்லிலிருந்து இந்தத் திசையில் இத்தனை அடி, அங்கிருந்து வேறு திசையில் இத்தனை அடி. காகிதத்தில் ஒன்றன் நுனியில் ஒன்றாகக் கோடுகள்.

1797 மார்ச் 10 அன்று அவர் கட்டுரை டேனிஷ் அறிவியல் கழகத்தில் படிக்கப்பட்டது. 1799ல் அச்சானது. ஒரு கோடு முடிகிற இடத்தில் அடுத்ததைத் தொடங்கு. முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே உள்ள கோடே கூட்டுத்தொகை. எந்த வரிசையில் கூட்டினாலும் ஒன்றுதான். இன்றைக்குப் பிள்ளைகள் படிக்கிற முக்கோண விதி, பலகோண விதி இரண்டும் இதில் அடக்கம். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்குப் படத்தில் இடம் கொடுத்ததும் அந்தக் கட்டுரைதான்.

பிறகு? ஒன்றுமே நடக்கவில்லை. டேனிஷ் மொழியில் இருந்ததால் வெளியே படிக்க ஆளில்லை. 1806ல் ஆர்கன் அதே யோசனையைத் தனியாக வெளியிட, படத்துக்கு அவர் பெயர் நிலைத்தது. வெஸலின் கட்டுரையை 1895ல்தான் தேடி எடுத்தார்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது 1897ல், சரியாக நூறு வருஷம் கழித்து. சின்ன மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கிற கதை.

'வெக்டர்' என்ற பெயரை 1840களில் ஹாமில்டன் கொடுத்தார். லத்தீனில் சுமந்து செல்பவர் என்று பொருள். தமிழில் 'திசையன்' என்பதுண்டு. இலங்கைப் புத்தகத்தில் 'காவி'. காவுதல் என்றால் சுமத்தல், காவடியில் இருக்கிறதே அதே காவு. எனக்கென்னவோ இலங்கைக்காரர்கள் வைத்த பெயர்தான் பிடிக்கிறது.

வெஸலின் கட்டுரை தூங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் தொழில் நம் ஊரில் பெரிதாக நடந்தது. 1802 ஏப்ரல் 10, வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். ஆனது 57 நாள். அதன்பிறகு கோணம் மட்டும் பார்த்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போகலாம். உயரத்துக்குக் கோபுரங்கள் இருந்தன. 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார் மனுஷன்.

வங்காளச் சமவெளியில் மலையும் இல்லை, அந்த மாதிரிக் கோபுரமும் இல்லை. மத்திய இந்தியாவின் சிரோஞ்சில் அளந்த அடிக்கோட்டிலிருந்து கிழக்கே கல்கத்தா வரை முக்கோணச் சங்கிலி வந்துசேர்ந்தபோது இங்கே கோபுரமே கட்ட வேண்டியதாயிற்று. பூமியின் வளைவும் கணக்கில் சேர்வதால், காகிதத்து அம்புகள் போல அத்தனை எளிதல்ல. ஆனாலும் கேள்வி அதேதான். இத்தனை கோடுகளைக் கோத்து வந்த பிறகு கடைசி நுனி சரியான இடத்தில் நிற்கிறதா? அதைச் சோதிக்கத்தான் 1831-32ல் பாரக்பூர் டிரங்க் சாலையில் மறுபடி ஓர் அடிக்கோட்டை நேரடியாக அளந்தார்கள். அதே 1831ல் ராதாநாத் சிக்தர் என்ற இளைஞர் சர்வேயில் 'கம்ப்யூட்டர்' வேலைக்குச் சேர்ந்தார். அன்று அது மனிதர்கள் பார்த்த உத்தியோகம். எவரெஸ்ட்டின் உயரக் கணக்கு பின்னாளில் அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது.

அந்த அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலும் கட்டிய கோபுரங்கள், ஒன்று பைக்பாராவிலும் இன்னொன்று சுக்சரிலும். 75 அடி உயரம். பி.டி. ரோடு பக்கம் போகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஸ்கேலும் பாகைமானியும் எடுத்துக்கொண்டால், வீட்டிலிருந்து கிளம்பிய வழியை அம்பு அம்பாக அவர்களே வரைந்துகொண்டு வரலாம்.