தேக்குத் தோட்டப் பெஞ்சு

தேக்குத் தோட்டப் பெஞ்சு என்பது வெயிலும் மழையும் படும் இடத்தில் ஆண்டு முழுவதும் கிடப்பதற்காகத் தேக்கின் வைரப்பகுதியால் செய்யப்படும் நீள இருக்கை. உளியும் இழைப்புளியும் பழகியவர்கள் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தேக்குக்கு டெக்டோனா கிராண்டிஸ் என்று 1782-இல் பெயரிட்டவர் இளைய லின்னேயஸ். இந்தப் பேரினத்தில் மூன்று சிற்றினங்களே உள்ளன. மரவேலைக்குப் பெயர்பெற்றது இது ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கு பம்பாய்த் துறையில் கப்பலானது. 1817-இல் அங்கே கட்டிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது; தேக்கின் ஆயுளுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனைமலையில் வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப். காடு குறையவே, 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். தோட்டம் அவர் பெயரால் வழங்கினாலும், கன்றுகளை நட்டு வளர்த்த பெருமை அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த சாத்து மேனனுக்கே உரியது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் கப்பல் உடைப்போர் பழைய போர்க்கப்பல்களின் தேக்கை அறுத்துத் தோட்ட இருக்கைகளாக விற்றனர். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் சசெக்ஸில் ஒரு மாளிகைக்கு வரைந்த வளைந்த முதுகுடைய பெஞ்சின் வடிவம் உலகெங்கும் தேக்கில் செய்யப்படுகிறது.

மரம் தேர்வதில்தான் பாதி வேலை. தேக்கின் எண்ணெய்ப் பசையும் டெக்டோகுயினோன் என்னும் பொருளும் கறையானை அண்டவிடுவதில்லை. இந்தக் காப்பு வைரத்துக்கு மட்டுமே உண்டு. ஓரத்து வெள்ளைப்பகுதி சட்டத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அங்கேதான் முதலில் உளுக்கும். மரத்திலுள்ள மணற்சத்து உளியின் முனையை விரைவில் மழுக்குவதால் சாணைக்கல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இருக்கையின் உயரம் சுமார் 17 அங்குலம். பின்கால்களை முதுகுச் சாய்வோடு ஒரே பலகையிலிருந்து அறுப்பது நல்லது. குறுக்குச் சட்டங்களின் முனைகளைக் கழுந்தாகச் செதுக்கிக் கால்களின் துளைகளில் இறக்கி, மர ஆணி அடிக்க வேண்டும். பசை இடுவதானால் பொருத்தும் முகங்களை முதலில் அசிட்டோனால் துடைக்காவிட்டால், மரத்தின் எண்ணெய்ப் பசை ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாது. இரும்பாணி துருப்பிடித்துக் கருங்கறை விடும். பித்தளைத் திருகே ஏற்றது. இருக்கையில் பதிக்கும் ரீப்பர்களுக்கு இடையே கால் அங்குலம் விட்டால் மழைநீர் வடிந்துவிடும். கால்களின் அடிமுனை ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பெஞ்சை மண்ணில் வைக்காமல் கல்மேல் வைப்பார்கள்.

எண்ணெயோ வார்னிஷோ தேவையில்லை. ஆளிவிதை எண்ணெய் மழைக்காலத்தில் பூஞ்சைக்கே தீனியாகிறது. வெயிலில் மேற்பரப்பு சாம்பல் நிறமாவது கேடன்று. உள்மரம் பழுதின்றி இருக்கும்.

தற்போது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் தோட்டத் தேக்கும் கடைகளில் கிடைக்கிறது.