டாக்டரம்மாவின் காகிதங்கள்

டெல்லி தீன்மூர்த்தி பவன், நேரு வாழ்ந்த வீடு. அந்த வளாகத்து ஆவணக் காப்பகத்தில்தான் நம்ம டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கடிதங்களும் குறிப்புகளும் இருக்கின்றன. தெரியுமா உங்களுக்கு?

அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகளோ, சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர்! சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்க 1930-ல் மசோதா கொண்டுவந்தார். அதே வருடம் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்தார். மசோதா? கிடப்பில் போனது. தெற்கே தூத்துக்குடியையும் தாண்டி நீண்டிருந்த மாகாணத்துக்கு அந்தச் சட்டம் வந்தது 1947-ல்தான். இடைப்பட்ட 17 வருடங்களில் எத்தனை சிறுமிகளோ!

இன்னொரு பக்கமும் உண்டு. பிழைப்பும் கௌரவமும் போய்விடும் என்று தேவதாசிகளே எதிர்த்து மனு போட்டார்கள். டாக்டரம்மாவின் கடிதங்களோடு அந்த மனுக்களையும் சேர்த்துப் படியுங்கள். அப்போதுதான் கதை முழுசாகும்.