சுவரில் ஒரு கீறல்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சித்திரத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுவரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அதிலும் சுவரில் விழும் கீறலைப் பற்றிய பேச்சு, கொத்தனாரிடம் கூலி பேசும் பத்து நிமிஷத்தோடு முடிந்துபோகிறது. ஆனால் அந்த மயிரிழைக் கீறலுக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் பாட்டனாரோ முப்பாட்டனாரோ கட்டிய வீடு ஊரில் இருந்தால், அதன் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை பூசியதாக இருக்கும். சுண்ணாம்பு ஒரு விசித்திரமான பொருள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோகிறது. தண்ணீர் விட்டு நீற்றினால் வெண்ணெய்போல் குழைகிறது. சுவரில் பூசிய பிறகு, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது.

நம் கொத்தனார்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சாந்து குழைத்தார்கள். மேல் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சென்னைக்கு வந்த கம்பெனி வெள்ளைக்காரர்கள் அந்தச் சுவர்களைப் பளிங்கோ என்று மயங்கினார்கள். நம்முடைய சுண்ணம், ‘சுனாம்’ என்ற பெயரில் ஆங்கில அகராதியிலும் ஏறிக்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். அந்த ஓவியத்தை ஏறக்குறைய ஆயிரம் வருஷம் தாங்கி நின்றதும் சுண்ணாம்புப் பூச்சுதான்.

அந்தப் பூச்சில் கீறல் விழாதா என்று கேட்பீர்கள். விழும். ஆனால் ஈரம் படும்போது பூச்சிலுள்ள சுண்ணாம்பு துளி கரைந்து, கீறலுக்குள் இறங்கி, அங்கே உறைந்துகொள்ளும். சிறு காயத்தை உடம்பு ஆற்றிக்கொள்வதுபோல, சிறு கீறலைச் சுவரும் ஆற்றிக்கொள்ளும். மிச்சத்தைப் பொங்கல் கவனித்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு தரம் வெள்ளையடித்தோமே, அதை வெறும் அழகுக்கென்று நினைத்தோம். கீறலுக்குள் புதுச் சுண்ணாம்பு ஊட்டும் வைத்தியமும் அதில் அடங்கியிருந்தது.

இனி கடல் கடந்து போகவேண்டும். எடிஸ்டோன் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்ட முற்பட்ட ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அது தண்ணீரிலும் இறுகும் என்று 1756-ல் கண்டுகொண்டார். 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்று ஒரு பொருளுக்கு உரிமை பெற்றார். பார்வைக்குப் போர்ட்லண்ட் கல்லைப்போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். 1904-ல் அது சென்னையிலேயே தயாராகத் தொடங்கியது. மூலப்பொருள் எது தெரியுமா? நம் பழைய கடல் கிளிஞ்சலேதான்! பிறகு மதுக்கரையில் 1934-லும், டால்மியாபுரத்தில் 1939-லும், தாழையூத்தில் 1949-லும் பெரிய ஆலைகள் எழுந்தன.

சிமெண்டை நான் பழிக்கவில்லை. அணையும் பாலமும் அது இல்லாமல் எழும்பியிருக்குமா? நாள் கணக்கில் அரைக்க வேண்டிய சாந்தை, மூட்டையைப் பிரித்ததும் மணி நேரத்தில் தந்தது அது. ஆனால் புது வீடு கட்ட வந்த பொருளைப் பழைய வீட்டுக்கு ஒட்டுப் போடவும் எடுத்தோம். அங்கேதான் வினை.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமெண்டு ஒட்டு அந்த வழியை அடைக்கிறது. உள்ளே தங்கிய ஈரத்திலிருந்து உப்பு பூக்கிறது; செங்கல் பொரிகிறது. இளகிய சுவர் ஒரு பக்கம் அசைய, இறுகிய ஒட்டு அசைய மறுக்க, ஒட்டின் ஓரத்திலேயே புதுக் கீறல் ஓடுகிறது. காவிரிக் கரையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. விரற்கடைக் கீறலுக்குச் சிமெண்டு பூசினார்கள். சில மழைக்காலம் கழித்துப் பூச்சு, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. “வீட்டுக்கு ஆயுசு முடிந்துவிட்டது” என்று தீர்மானித்து இடித்துவிட்டார்கள். வீட்டின் ஆயுசு முடியவில்லை, மருந்துதான் மாறிப்போயிற்று.

2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு ஆறுதல் தந்தது. பழைய ரோமாபுரியார் சாந்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் காணப்படும். சரியாகக் கலக்காத சோம்பேறித்தனம் என்று பலர் நினைத்தார்கள். அந்தக் கட்டிகளே கரைந்து கீறலை அடைக்கின்றன என்று சோதனையில் தெரிந்தது. விரிசலிட்டுத் தண்ணீர் பாய்ச்சிய மாதிரித் துண்டு, இரண்டு வாரத்தில் அடைபட்டுவிட்டது.

ஆகவே, பழைய சுவரில் கீறல் கண்டால் பதறவேண்டாம். அதன் குறுக்கே மெல்லிய காகிதம் ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். சில மாதத்தில் காகிதம் கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அஸ்திவாரத்தைப் பார்க்கவேண்டும், பூசி மறைக்கக் கூடாது. கிழியாவிட்டால் மயிரிழைக் கீறலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே போதும். பெரிதானால் உளியால் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, நன்றாக நனைத்து, நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்து, மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கால் மூடிவைக்கவேண்டும். அவசரம் மட்டும் உதவாது.

காளவாய்கள் அருகிவிட்டன, சாந்தின் பதத்தை விரலால் அறிந்த கொத்தனார்களும் அருகிவருகிறார்கள். இருக்கிறவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் அந்த வித்தை அவர்களுக்குப் பின்னும் பிழைக்கும். கீறலைக் காட்டி “எவ்வளவு ஆகும்?” என்று கேட்குமுன், “இந்தச் சுவர் எதனால் பூசியது?” என்று கேளுங்கள். பதில் தெரிந்த கொத்தனார் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.