தசை கூறும் சாட்சி

நோயாளி கையை நீட்டுகிறார். மருத்துவர் அதனைக் கீழ்நோக்கி அழுத்துகிறார். கை தாழாது நின்றால் ஒரு முடிபு; தாழ்ந்தால் வேறொரு முடிபு. உடலின் குறைகளையெல்லாம் இவ்வாறு தசையிடமே கேட்டறியலாம் என்னும் கொள்கை, மதிக்கத்தக்க ஒரு மருத்துவ முறையிலிருந்து கிளைத்ததாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தைகள் பலரை இளம்பிள்ளைவாதம் முடமாக்கியது. நோய் தணிந்தபின் எத்தசை பிழைத்தது, எத்தசை செயலற்றது என்று அறியவேண்டியிருந்தது. பொஸ்ரன் நகர எலும்பு வைத்தியர் றொபேட் லொவெற்றும், அவருக்குத் துணைநின்ற வில்ஹெல்மின் றைற் அம்மையாரும் புவியீர்ப்பையே அளவுகோலாகக் கொண்டனர். கால் தன் பாரத்தை எதிர்த்து எழுகின்றதா? எழுந்த காலைக் கையால் தடுத்தால் தாங்குகின்றதா? இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைக் கொண்டு தசைகளைத் தரம் பிரித்தனர். இன்றும் நரம்பு வைத்தியர் 0 முதல் 5 வரை தசைக்குப் புள்ளியிடுவது இவ்வழி வந்ததே. கெண்டல் தம்பதியர் 1949 இல் இச்சோதனைகளை விரிவான நூலாக்கினர்.

அந்நூலைப் பயன்படுத்தியவருள் ஒருவர் டெற்றோயிற் நகரத்து ஜோர்ஜ் குட்ஹாட். இவர் கைரோப்பிரக்டிக் என்னும் முதுகெலும்புச் சிகிச்சை முறையைச் சேர்ந்தவர். அம்முறையை 1895 இல் டவன்போட் நகரில் தொடக்கியவர் டானியல் டேவிட் பாமர். 1964 இல் குட்ஹாட்டிடம் வந்த ஒருவருக்குத் தோட்பட்டை எலும்பு முதுகிலிருந்து புடைத்து நின்றது. தசை விலாவெலும்போடு பொருந்தும் இடங்களைக் குட்ஹாட் அழுத்தித் தேய்க்க, தசை வலுப்பெற்றதாம். அம்மட்டில் நின்றிருந்தால் வழக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு தசைக்கும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புண்டு என்றார் அவர். சீன வைத்தியத்தின் நாடிவழிகளையும் அதனோடு இணைத்தார். உணவுத்துளியை நாவில் வைத்ததும் கை தளர்ந்தால் அவ்வுணவு ஆகாது என்னும் வழக்கமும் பின்னர் பரவியது. 1976 இல் இம்முறைக்கெனச் சங்கமும் எழுந்தது.

உளவியலாளர் றே ஹைமன் பார்த்திருந்த ஒரு சோதனை நினைவிற் கொள்ளத்தக்கது. குளுக்கோசு கையைத் தளர்த்தும், பழச்சர்க்கரை தளர்த்தாது என்று கைரோப்பிரக்டர் சிலர் காட்டினர், எல்லாம் பொருந்தியது. நாவில் இடப்படுவது எதுவென இருசாராரும் அறியாதவாறு செய்தபோதோ, கைக்கு வேறுபாடு தெரியவில்லை. 1988 இல் வெளியான ஆய்வில், அனுபவமுள்ள மூவர் 11 பேரைச் சோதித்து, நான்கு சத்துக்களின் குறைநிறையை உரைத்தனர். அவர் முடிபுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆய்வுகூட முடிபுகளோடும் பொருந்தவில்லை.

இது வஞ்சகம் என்று சொல்லிவிடுதல் எளிது, நியாயமன்று. மனத்தில் எதிர்பார்ப்பு எழுந்தால், அறியாமலே தசை அசையும் என்பதை 1852 இலேயே வில்லியம் காப்பென்ரர் எடுத்துரைத்தார். ஆவிகள் மேசையைச் சுழற்றுகின்றன என்று இலண்டன் மாநகரம் வியந்திருந்த 1853 இல், மைக்கேல் பரடே கைக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை மென்பசையால் ஒட்டிவைத்தார். மேலட்டை முந்தி நகர்ந்திருந்தது. தள்ளியவை அமர்ந்திருந்தோரின் கைகளே. அவர்கள் பொய்யர் அல்லர். அழுத்தும் மருத்துவரும் அத்தகையரே. ஒரு கணம் முந்தியோ சற்று வலிந்தோ அழுத்துவதை அவரே உணரார்.

குளவி நஞ்சு ஒவ்வாதாரை இம்முறையால் இனங்காண இயலுமா என்று ஆராய்ந்த ஆய்வொன்று 2001 இல் வெளிவந்தது. குருட்டு ஊகத்தினும் மேம்பட்ட பயன் அதிற் காணப்படவில்லை. அத்தகையோருக்கு ஒரு குளவிக்கொட்டே உயிரைப் போக்க வல்லது.