பி.சி.ஜி. தடுப்பூசித் திரிபுகள்

காசநோய்க்கு எதிராக உலகெங்கும் போடப்படும் பி.சி.ஜி. பெயரளவில் ஒன்று, மரபணுவில் பல. பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரென் என்னும் இருவர் 1908 முதல் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கு ஊடகத்தில் 230 முறை மறுவளர்ப்புச் செய்தனர். ஆர்.டி.1 என்ற மரபணுப் பகுதி உதிர்ந்து, கிருமி நோயூட்டும் வலிமையை இழந்தது. 1921இல் அது முதன்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது.

பின்னர் பல நாட்டு ஆய்வுகூடங்கள் அதை வாங்கித் தனித்தனியே வளர்த்தன. உலர்த்திய மூலவித்தைச் சேமிக்கும் வழக்கம் 1960களில்தான் நிலைபெற்றது. அதற்குள் திரிபுகள் பிரிந்துவிட்டன. முன்னமே பிரிந்த ரஷ்ய, மொரோ, டோக்கியோ திரிபுகளில் ஆர்.டி.2 பகுதி இருக்கிறது. டேனிஷ், பாஸ்ட்டர், கிளாக்சோ திரிபுகளில் இல்லை.

இவ்வேறுபாடு பாதுகாப்பையும் மாற்றுமா? தமிழகத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு இதற்கு முக்கியமான சான்று. டேனிஷ், பாஸ்ட்டர் ஆகிய இரு திரிபுகளும் சோதிக்கப்பட்டன. 15 ஆண்டுக் கண்காணிப்பில் பெரியவர்களுக்கு இரண்டுமே பயன் தரவில்லை. பிரிட்டனிலோ கோபன்ஹேகனில் தயாரான அதே டேனிஷ் தடுப்பூசி பதின்வயதினருக்கு ஏறக்குறைய 80 சதவீதப் பாதுகாப்பு அளித்திருந்தது. ஆகவே திரிபை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகளோடு உடலுக்கு ஏற்படும் முன்பழக்கமும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்ட மக்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. ஆனாலும் செங்கல்பட்டு முடிவைக் கேட்டு ஊவாவில் யாரும் இந்த ஊசியைத் தவிர்க்கக் கூடாது. 1949 முதல் பி.சி.ஜி. போடப்படும் இலங்கையில் அது இன்று பிறந்த குழந்தைக்கு உரியது. மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவுவதாகவும் வரும் கொடிய காசநோயிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது. இதில் எந்தத் திரிபு மேலானது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கவில்லை.

வைத்தியசாலையிலிருந்து வீடு செல்லுமுன் இடது மேற்கையின் தோலுக்குள் 0.05 மில்லிலீற்றர் ஏற்றப்படும். சில வாரங்களில் அவ்விடம் சிவந்து புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். சீழ் கண்டு பயந்து மருந்தோ மஞ்சளோ பூச வேண்டியதில்லை. ஆறு மாதத்திலும் தழும்பு தெரியாவிட்டால், ஐந்து வயதுக்குள் மறுபடி போடலாம்.

பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி நம்பகமாகத் தடுப்பதில்லை. நெருங்கிப் படுத்துறங்கும் லயக்காம்பராக்களில் ஒருவரின் இருமல் அனைவரையும் எட்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். நோய் உறுதியானால் அதே வீட்டுச் சிறு பிள்ளைகளையும், கையில் தழும்பு இருந்தாலும், அங்கு காட்டியாக வேண்டும்.